எடை சரியாக இருந்த மாதம்

உங்கள் அம்மா என்னைச் சந்தேகக்காரன் என்று சொல்வதில் பொய் இல்லை. பட்டுத் தறியில் உட்கார்ந்தவன் எவனும் கொஞ்சம் அப்படித்தான் இருப்பான். முதலாளி வீட்டில் பட்டையும் சரிகையையும் நிறுத்துத்தான் கொடுப்பார்கள். நெய்து கொண்டுபோகும் புடவையையும் நிறுத்துத்தான் வாங்குவார்கள். போன எடையும் வந்த எடையும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் நூல் எங்கே என்று கேட்பார்கள். முப்பது வருஷம் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நான், வீட்டுக்குள் வந்து உங்கள் அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அதைத்தான் எழுதி வைக்கிறேன். நேரில் சொன்னால் பெரியவள் எழுந்து போய்விடுவாள், சின்னவன் போனைப் பார்ப்பான். நான் எட்டாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனது உங்களுக்குத் தெரியும். முதல் வாரம் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது உங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குச் சிறுநீர் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அதனால் குடிக்கிற தண்ணீர், ரசம், மோர், காப்பி எல்லாம் உடம்பிலேயே தங்கும். முதலில் காலில் இறங்கும். பிறகு நெஞ்சுக்குப் போகும், மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்து என்றாள்.

"மெஷின் எடுத்துடும், ஆனா நாலு மணி நேரத்துல அளவாத்தான் எடுக்க முடியும்ணா. அம்மாவுக்குத் தண்ணி தேங்காம இருக்குற எடை நாப்பத்தெட்டு. டிரை வெயிட்டுன்னு சொல்வோம். மெஷின்லேர்ந்து எறங்கும்போது அதுல நிக்கணும். அடுத்த தபா வரும்போது ரெண்டு கிலோவுக்கு மேல ஏறியிருக்கக் கூடாது."

"ஏறுனா இன்னாம்மா?"

"ஏறுனா தண்ணி குடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

அந்த ஆஸ்பத்திரியில் பாதிப் பேச்சு எனக்கு விளங்காது. இது விளங்கியது. நிறுத்துக் கொடுக்கிறார்கள், நிறுத்து வாங்குகிறார்கள். நடுவில் பொறுப்பு என்னுடையது.

முதல் இரண்டு வாரமும் அம்மா ஐம்பத்தொன்றரை, ஐம்பத்திரண்டு என்று வந்தாள். அவ்வளவு தண்ணீரையும் ஒரே மூச்சில் எடுக்கும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு கட்டிலில் துடித்தாள். பிரஷர் இறங்கிக் கண் சொருகியது. நான் காலைப் பிடித்துவிட்டபடி மனதுக்குள் ஒரே ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். இவள் எங்கே குடிக்கிறாள்?

வீட்டுக்கு வந்ததும் ஒரு பாட்டிலில் ஒரு நாளைக்கான முக்கால் லிட்டரை ஊற்றி, மட்டத்தில் சிவப்புப் பட்டு இழை ஒன்றைச் சுற்றிக் கட்டினேன். காப்பி போட்டாலும் மாத்திரை போட்டாலும் அதிலிருந்துதான். காலையில் மட்டமும் இழையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். குறைந்தபின் யாரும் ஊற்றி நிரப்பிவிடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் இழையைக் கீழே இறக்கிக் கட்டினேன். யாராவது அவிழ்த்துக் கட்டினால் தெரிந்துவிடும். என் முடிச்சு எனக்குத் தெரியும்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பாட்டிலுக்குத் தாலி கட்டியாச்சு" என்று சின்னவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்து, தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்குக் கீழே குனிந்து பார்த்தால் சமையல்கட்டுக்குப் போகிற பாதங்கள் மட்டும் தெரியும். அம்மாவின் பாதம் உள்ளே போனால் நான் மனதுக்குள் எண்ணுவேன். இருபதுக்குமேல் போனால் நூல் ஓட்டும் நாடாவைப் பிடித்தபடி தறியை நிறுத்திவிடுவேன். தறிச் சத்தம் நின்றால் டம்ளர் சத்தம் கேட்கும் அல்லவா? ஒரு நாளைக்கு எத்தனை முறை அப்படி நிறுத்தினேனோ, அந்த வாரம் ஒரு சாண்கூட உருப்படியாக நெய்யவில்லை.

அது வைகாசி. ஊரில் பெருமாள் உற்சவம். தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல், நீர்மோர், பானகம். ஆஸ்பத்திரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது ஒவ்வொரு பந்தலிலும் ஒருவன் டம்ளரை நீட்டிக்கொண்டு ஓடி வருவான். "குடிங்கம்மா, வெயில்ல வர்றீங்க" என்பான். ஊரே ஒன்று சேர்ந்து அவளுக்கு எதிராகப் புண்ணியம் செய்வதுபோல் இருக்கும். அவளை நடுவில் உட்காரவைத்து நான் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். பக்கத்து வீட்டுக்காரி பேச வந்தால்கூட அவள் கையில் சொம்பு இருக்கிறதா என்று பார்த்தேன்.

அப்புறம்தான் பெரியவளே, உன்மேல் வந்தேன்.

நீ கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராக அம்மாவிடம் போய் உட்காருவாய். கதவு பாதி மூடியிருக்கும். ஒரு நாள் நீ குளிக்கப் போயிருந்தபோது உன் பையைத் திறந்தேன். காலி ஜூஸ் டப்பா ஒன்று இருந்தது. நீ வெளியே வந்ததும் அம்மா எதிரிலேயே அதைத் தரையில் வைத்தேன்.

"இது யாருக்கு வாங்கினது?"

"கம்பெனில குடுத்ததுபா. நான் குடிச்சேன்."

"குடிச்ச டப்பாவ எவனாவது வீட்டுக்குத் தூக்கிக்கினு வருவானா?"

"பஸ்ஸுல குப்பைத்தொட்டி இல்லபா." அப்புறம்தான் உனக்கு உறைத்தது. "நீ என் பையத் தொறந்தியா?"

அம்மா, "நான் யார் கையிலயும் எதுவும் வாங்கிக் குடிக்கலீங்க" என்றாள். நான் நம்பவில்லை. அன்று முதல் நீ என்னிடம் பேசவில்லை. எனக்கு வேண்டியதை அம்மாவிடம் சொல்லி அம்மா உன்னிடம் சொல்லும்படி ஆயிற்று.

இதையெல்லாம் நான் நர்ஸிடம் பெருமையாகச் சொன்னேன், பாட்டிலுக்கு இழை கட்டியதைக்கூட. அவள் கேட்டுவிட்டு, "சோத்துக்குத் தொட்டுக்க இன்னா குடுக்குறீங்க?" என்றாள்.

"ஊறுகாதான். அது இல்லாம அவளுக்குச் சோறு எறங்காது. ஒரு அப்பளம்."

"நல்லா இருக்குதுண்ணா. தண்ணிக் கொடத்துக்குக் காவல் போட்டுட்டு உப்பத் தொறந்து வுட்டுருக்கீங்க. உப்பு போனா தாகம் எடுக்கும். தாகத்த வெச்சிக்கினு யாரால சும்மா இருக்க முடியும்? உப்பக் கொறைங்க, எடை தன்னால எறங்கும்."

குறைக்கச் சொன்னாள். நான் அடியோடு எடுத்துவிட்டேன். ஊறுகாய் ஜாடி, அப்பளம், கருவாடு எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. அம்மாவுக்குத் தனியாக உப்பில்லாமல் சமைத்தேன். சத்துக்கு வேண்டும் என்று நர்ஸ் சொன்னதால் காலையில் இரண்டு முட்டை வேகவைத்து மஞ்சள் கருவை எடுத்துவிட்டு வெள்ளையை ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போவேன். தரையில் வைத்து நிற்கிற எடை மெஷின் ஒன்றையும் வாங்கி வந்தேன். காலை ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். தறிக்கு எதிர்ச்சுவரில் சாக்பீஸால் எழுதுவேன். எடை கூடியிருந்தால் எழுதிவிட்டு எண்ணின் கீழே ஒரு கோடு போடுவேன். அந்தக் கோட்டைப் போடும்போது அம்மாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடை இறங்கியது. ஐம்பது. நாற்பத்தொன்பதரை. அடுத்தடுத்து நாற்பத்தொன்பது. மெஷினிலிருந்து இறங்கும்போது குறையில்லாமல் நாற்பத்தெட்டு. கால் இழுப்பு நின்றது. சுவரில் கோடு விழுவதே நின்றுபோனது. நர்ஸ் மற்ற வீட்டுக்காரர்களிடம், "அந்த அண்ணாவப் பாருங்க, எப்படி வெச்சிருக்காரு" என்று என்னைக் காட்டினாள். முதலாளி வீட்டில்கூட என்னை யாரும் அப்படிக் காட்டியதில்லை.

அந்த மாதம் முழுக்க எடை சரி. அந்த மாதத்தில்தான் அம்மாவால் படுக்க முடியாமல் போனது.

மத்தியானம் சாப்பிட்டபின் கொஞ்சம் சாய்வாள். ஒரு தலையணை இரண்டாயிற்று. இரண்டு மூன்றாயிற்று. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடினாள்.

"ஏன் ஒக்காந்துக்கினு தூங்குற?"

"படுத்தா முட்டுதுங்க. நெஞ்சுமேல யாரோ ஏறி ஒக்காந்த மாதிரி இருக்குது."

மூச்சு முட்டினால் நெஞ்சில் தண்ணீர் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். ஆனால் எடை சரியாக இருக்கிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? இன்னொருவனாக இருந்தால் ஓடிப்போய் நர்ஸிடம் கேட்டிருப்பான். நான் நெசவுக்காரன். இவள் குடிக்கிறாள், குடித்துவிட்டுத் தராசை ஏமாற்றுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த தரம் ஆஸ்பத்திரியில் அவள் எடை மெஷினில் ஏறியபோது ஒளிந்து நின்று பார்த்தேன். ஏறியதும் தடுமாறிச் சுவரில் கை வைத்தாள்.

"கைய எடு" என்றேன். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கையை எடுத்தாள். முள் மாறவில்லை, அதே எடைதான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வேறு ஏதோ வழி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். இன்னொன்றும் செய்தேன். அதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். ஆட்டோவில் அவளிடம், "மூச்சு முட்டுதுன்னு நர்ஸ் கிட்ட சொல்லாத. குடிக்கிறன்னு நெனைப்பாங்க. என் பேரு கெட்டுப்போவும். வூட்லயே சரி பண்ணிக்கலாம்" என்றேன்.

"சரிங்க" என்றாள். மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். டாக்டர் ரவுண்டு வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோதெல்லாம் அவள் என்னைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குறேன்" என்றாள். பிரஷர் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மாத்திரையைக் கூட்டினார்கள்.

இன்னும் இரண்டு விஷயம் என் கண்ணில் பட்டது. தறிச் சத்தம் நின்றால் அம்மா எதையோ சட்டென்று துணிப்பெட்டிக்குப் பின்னால் தள்ளுவாள். பாட்டில்தான் என்று முடிவு கட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, தெருவில் திரிகிற செவலை நாய் எங்கிருந்தோ வந்து நம் வீட்டுப் பின்பக்க ஜன்னலுக்குக் கீழேயே குடியிருந்தது. நன்றாகக் கொழுத்துப் பளபளவென்று இருந்தது. அதை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

அந்தச் சமயம் புடவை ஒன்று முடிந்தது. முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் வேறொருவர் புடவையோடு நின்றார். தராசில் வைத்தார்கள். கொடுத்த எடைக்குக் கிராம் பிசகவில்லை. முதலாளி புடவையை எடுத்து மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"எடை சரியா இருக்குதுங்களே" என்றார் புடவை கொண்டுவந்தவர்.

"சரியாத்தான் இருக்குது. ஊசி நுனி அளவு சேதாரம்கூட இல்லாம எப்படிப்பா சரியா இருக்கும்? அதான் சந்தேகமா இருக்குது. ஃபேனுக்குக் கீழ விரிச்சுப் போடு. சாயங்காலம் நிறுத்துப் பாப்போம்."

எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த வேலை. கொஞ்சம் பட்டை எடுத்துவிட்டு, புடவையை ஈரமான தறிக்குழியில் போட்டு வைத்தால் பட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எடுத்த நூலின் இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் என் புடவையை நிறுக்கக்கூட நிற்கவில்லை. அங்கேயே வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். முதலாளி என்னவோ கேட்டார், காதில் விழவில்லை.

வீட்டில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். வளையல்கள் முழங்கைவரை சரிந்து இறங்கின. கீழே பார்த்தேன். மெட்டி விரல் சதைக்குள் புதைந்திருந்தது. இரண்டு மாதமாகப் பாவுக்குக் கீழே அந்தப் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே போகிறது என்று பார்த்தேனே தவிர எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. மேலே எல்லாம் தளர்ந்து, கீழே எல்லாம் இறுகியிருந்தது.

துணிப்பெட்டியை நகர்த்தினேன். பின்னால் ஒரு மஞ்சள் பை. உள்ளே பாட்டில் இல்லை. அவளுடைய ஜாக்கெட்டுகள், ஊசி, நூல்கண்டு. ஒவ்வொன்றிலும் பக்கத்தில் பழைய தையலுக்கு உள்ளே இரண்டாவது தையல். சிலதில் அதற்கும் உள்ளே மூன்றாவது.

"இது இன்னாமா?"

"புடிச்சுத் தெச்சேன். லூசா இருந்துது."

"எப்பலேர்ந்து?"

ஜாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"நான் குடுக்குற முட்டைய சாப்புடுறியா நீ?"

ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிச் சொன்னாள். "உப்பில்லாம வாய்ல வெக்க முடியலீங்க. கஷ்டப்பட்டு சாப்புட்டாலும் சாயங்காலம் எடை ஏறுது. ஏறுனா கோடு போடுறீங்க. சாப்புடாத அன்னிக்கு எடை சரியா இருக்குது, நீங்களும் சிரிச்ச மூஞ்சியா இருக்குறீங்க. அதான் அந்த நாய்க்குப் போட்டுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களா?"

அன்று எங்களுக்கு டயாலிசிஸ் நாள் இல்லை. இருந்தாலும் ஆட்டோ பிடித்து அழைத்துப் போனேன். நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு முட்டுவதையும், சொல்லக் கூடாது என்று நான் தடுத்ததையும், நாயையும். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேராகப் போய் டாக்டரை அழைத்து வந்தாள். டாக்டர் சின்னப் பெண்தான். அம்மாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்தபின்னும் குழி அப்படியே நின்றது. முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். கழுத்து நரம்பைப் பார்த்தார்.

"அம்மா நாப்பத்தெட்டு கிலோ இல்லைங்க" என்றார் என்னிடம். "உடம்பு கரைஞ்சிடுச்சு. கரைஞ்ச இடத்துல தண்ணி நின்னுருக்கு. ரெண்டும் சேந்துதான் நாப்பத்தெட்டு. நாங்களும் பழைய எடையையே வெச்சு நிறுத்திக்கிட்டு இருந்திருக்கோம். மூச்சு முட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே பாத்திருப்போம்."

"எவ்ளோ தண்ணிங்க இருக்குது?"

"எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். ஒரேயடியா எடுத்தா தாங்க மாட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா எறக்கணும்."

அன்றே ஆக்சிஜன் வைத்து மெஷினில் போட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெரியவளே, நீ கம்பெனியிலிருந்து நேராக அங்கே வந்தாய். நமக்கு நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாய். நான் அந்த ஜூஸ் டப்பாவைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "இப்ப வேணாம்பா" என்றாய். ஒரு மாதத்துக்குப்பின் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்போது சொல்லாததை இங்கே சொல்கிறேன். பையைத் திறந்தது தப்பு. அம்மா எதிரில் உன்னைத் திருடிபோல நிற்க வைத்தது அதைவிடத் தப்பு.

ஒவ்வொரு தடவையும் அரைக் கிலோபோலக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். நாற்பத்தைந்தரையில் வந்து நின்றது. அன்றைக்கு வீட்டுக்கு வந்த அம்மா பாயை விரித்து, ஒற்றைத் தலையணை வைத்து மல்லாந்து படுத்தாள். நான் தறியை நிறுத்திவிட்டு மூச்சு வருகிறதா என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "தூங்கிக்கினு இருக்குறேன், தறிய ஓட்டுங்க" என்றாள்.

அளவான உப்பு எவ்வளவு என்று நர்ஸ் ஒரு சின்ன ஸ்பூனால் அளந்து காட்டினாள். இப்போது அதைப் போட்டுச் சமைக்கிறேன். முட்டைக்கு மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டும். பாட்டிலும் இழையும் இன்னும் இருக்கின்றன, தண்ணீர் அளவை விட முடியாது. ஆனால் இழையை இப்போது அவளேதான் இறக்கிக் கட்டுகிறாள். எடையையும் தினம் பார்க்கிறோம். எழுதுவதற்கு முன் அவள் வளையலையும் மெட்டியையும் பார்க்கிறேன். மூச்சு எப்படி என்று கேட்கிறேன். அவள் சொல்வதையும் எழுதுகிறேன். சுவரில் இருந்த பழைய கோடுகளைச் சின்னவன் ஈரத்துணியால் துடைத்துவிட்டான். நான் சொல்லவில்லை, அவனாகவே செய்தான்.

சந்தேகம் போய்விட்டது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். போகவில்லை. காலையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போகும்முன் பின்பக்க ஜன்னலில் ஒரு தரம் எட்டிப் பார்க்கிறேன். அம்மாவுக்கும் அது தெரியும்.

முதல் பத்து நாள் நாய் அங்கேயே வாலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது. இப்போது எதிர் வீட்டு வாசலில் படுத்திருக்கிறது.